சர்வர் மூடியது, ஆட்கள் போகவில்லை: மாஸ்டடானில் மூன்று ஆண்டுகள்

நான் கணக்கு வைத்திருந்த சர்வரை மூடப்போகிறோம் என்று ஒரு நாள் காலையில் அறிவிப்பு வந்தது. ஒன்றரை ஆண்டு எழுதிய இடம். வேறு எந்தச் சமூக வலைத்தளத்தில் இப்படி ஒரு அறிவிப்பைப் பார்த்திருந்தாலும் அன்றோடு எல்லாம் போச்சு என்றுதான் நினைத்திருப்பேன். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அப்படித்தான் ஆனது, அங்கே தினமும் பேசிப் பழகியவர்களில் பாதிப் பேரை அதற்கப்புறம் எங்கேயும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாஸ்டடானில் நடந்தது வேறு. இரண்டே நாளில் வேறொரு சர்வருக்கு மாறினேன், என்னைப் பின்தொடர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தாங்கள் எதுவும் செய்யாமலே என்னோடு கூட வந்துவிட்டார்கள். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு நாளால்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. மாஸ்டடான் ஒரே நிறுவனம் நடத்தும் ஒரே தளம் கிடையாது. ஜெர்மனியில் வாழும் ஒய்கன் ரோச்கோ என்ற நிரலாளர் 2016-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் அது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒரு சர்வரில் நிறுவி, தனக்கென்றோ தன் நண்பர்களுக்கென்றோ ஊருக்கே திறந்துவிட்டோ நடத்தலாம். இப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனியாக ஓடுகின்றன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மின்னஞ்சலை நினைத்துப் பாருங்கள்: ஜிமெயிலில் இருப்பவர் அவுட்லுக்கில் இருப்பவருக்கு எழுதுகிறார், யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. இங்கேயும் அதே மாதிரி முகவரியில் இரண்டு பகுதி, முதலில் உங்கள் பெயர், அப்புறம் உங்கள் சர்வரின் பெயர். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை அதிகாரப்பூர்வப் பரிந்துரையாக வெளியிட்டது. இது முக்கியமான விஷயம். இந்த மொழி யாருடைய சொத்தும் அல்ல, ஒருவர் கோபப்பட்டு அதை நிறுத்திவைக்க முடியாது.

நான் வந்தது பெரிய கூட்டத்தோடு. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் டுவிட்டரை வாங்கி முடித்தார். அடுத்த சில வாரங்களில் மாஸ்டடானை மாதந்தோறும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சம் வரை போனதாக ரோச்கோவே அறிவித்தார். அந்த நவம்பரில் சர்வர்கள் திணறின. ஒரு பதிவு போட்டால் நண்பருக்குப் போய்ச்சேர அரைமணி நேரம், சில நாள் இன்னும் கூட. பல இடங்களில் புதிய கணக்குகளை ஏற்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். வந்த கூட்டத்தில் பெரும்பகுதி பிறகு திரும்பிப் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் தங்கிவிட்டேன்.

முதலில் இடறுவது வாசலிலேயே. "எந்த சர்வரில் சேர வேண்டும்?" என்று கேட்கிறது. சமூக வலைத்தளம் என்றால் மின்னஞ்சல் முகவரி கொடு, கடவுச்சொல் போடு, உள்ளே வா என்று பழகியவர்களிடம் போய் இப்படிக் கேட்டால் எப்படி? நான் பார்த்தவரை பத்துப் பேரை அழைத்து வந்தால் அதில் நாலு பேர் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். இப்போது அதிகாரப்பூர்வச் செயலியைத் திறந்தால் மாஸ்டடான்.சோஷியல் என்ற பெரிய சர்வரையே முன்னால் நீட்டுகிறது, அதில் சேர்ந்துகொண்டு பிறகு நிதானமாக மாறிக்கொள்ளலாம். அன்று அந்த வசதி இல்லை. நான் பெயர் பிடித்திருந்தது என்பதற்காக ஒரு சிறிய சர்வரில் சேர்ந்தேன். அதை நடத்தியது ஒரே ஒரு ஆள். அவர் நல்லவர், பொறுமையானவர். ஆனால் ஒரே ஆள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

உள்ளே வந்தால் வெறுமை. முகப்புப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வேறு இடங்களில் கணக்குத் திறந்த நிமிடத்திலேயே உங்கள் மீது எதையாவது கொட்டத் தொடங்குவார்கள், இங்கே நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் எழுதினால்தான் எதுவும் வரும். முதல் வாரம் எனக்கு யாருமில்லாத மண்டபத்தில் நின்றதுபோல இருந்தது. அப்புறம் இரண்டு காரியம் செய்தேன். நான் யார், எதில் ஆர்வம் என்று ஒரு அறிமுகப் பதிவு எழுதி அறிமுகத்துக்கான ஹேஷ்டேக் போட்டேன், அந்த ஹேஷ்டேக்கைக் காத்திருந்து பார்த்து வரவேற்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். இரண்டாவது, ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டு ஹேஷ்டேக்குகளையே பின்தொடர ஆரம்பித்தேன். எழுத்துருக்கள், பறவைகள், பழைய கணினிகள் என்று ஒரு ஏழெட்டு. மூன்று வாரத்தில் முகப்பு நிறைந்துவிட்டது, அதில் வந்தவர்கள் எல்லாம் நான் தேர்ந்தெடுத்தவர்கள். உங்களைப் புதிதாக யாராவது இங்கே அழைத்து வந்தால், முதல் மூன்று வாரம் உழைக்க வேண்டும் என்று உங்களிடம் முன்பே சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முகப்பு வாசித்து முடிகிறது. பதிவுகள் நேர வரிசையில்தான் வரும், புதியது மேலே, பழையது கீழே. காலையில் திறந்து நேற்றிரவு விட்ட இடம் வரை வந்தால் அவ்வளவுதான். உங்களுக்குப் பிடிக்கும் என்று எந்த அல்காரிதமும் கண்டுபிடித்து நடுவில் எதையும் செருகாது, நண்பரின் நண்பர் லைக் போட்டார் என்பதற்காக முன்பின் தெரியாதவரின் சண்டை ஒன்று வந்து நிற்காது, விளம்பரமும் கிடையாது. முதலில் இது குறையாகத்தான் தெரிந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பழகிய கை, முடிவு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மேலே இழுத்துப் பார்க்கும். ஒரு மாதம் கழிந்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன்: நான் வாசித்தவை எனக்கு நினைவில் இருந்தன. யார் எழுதினார், என்ன சொன்னார், நான் என்ன பதில் போட்டேன் என்று சொல்ல முடிந்தது. டுவிட்டரில் ஒரு மணி நேரம் கழித்துவிட்டு எழுந்தால் அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறேன்.

லைக் போடலாம், ஆனால் அது எழுதியவருக்கு "பார்த்தேன், பிடித்தது" என்று சொல்வதோடு சரி, அதனால் பதிவு வேறு யாருடைய முகப்புக்கும் போகாது. பிறரிடம் கொண்டுபோக வேண்டுமென்றால் பூஸ்ட் செய்ய வேண்டும். இதனால் மக்கள் யோசித்துத்தான் பூஸ்ட் செய்கிறார்கள். பதிவிடுவதை ஆரம்பத்தில் இங்கே டூட் என்றுதான் சொன்னார்கள். மாஸ்டடான் என்பது அழிந்துபோன யானையின உயிரியின் பெயர் ஆயிற்றே, ஆகவே அதன் பிளிறல். 2022-இல் நான்காம் பதிப்பு வந்தபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் பதிவு என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பிளிறல் பிடித்திருந்தது.

மேற்கோள் பதிவு, அதாவது இன்னொருவர் எழுதியதை உள்ளே வைத்து மேலே உங்கள் கருத்தை எழுதுவது, இங்கே பல ஆண்டுகள் வேண்டுமென்றே கொடுக்கப்படவில்லை. ஒருவரை நடுவில் நிறுத்தி ஊரே கூடி அடிக்க அதுதான் வசதியான கருவி என்பது அவர்கள் வாதம். 2025-இல் 4.5 பதிப்பில் அது வந்தது, ஆனால் என் பதிவை யார் மேற்கோள் காட்டலாம் என்பதை நானே தீர்மானிக்கிற மாதிரி வந்தது. யாருமே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம், மேற்கோள் காட்டிய பிறகும் என் பதிவை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். தாமதமானாலும் யோசித்துச் செய்த வேலை.

சரி, சர்வர் மூடிய கதை. அந்த ஒரே ஆள் தெளிவாக எழுதியிருந்தார்: நேரம் இல்லை, செலவும் கூடிக்கொண்டே போகிறது, மூன்று மாதம் கழித்து நிறுத்துகிறேன். செலவு ஏன் கூடுகிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். ஒரு சர்வரில் இருப்பவர்கள் வெளியே ஐயாயிரம் பேரைப் பின்தொடர்ந்தால், அந்த ஐயாயிரம் பேர் போடும் படங்களுக்கும் காணொளிகளுக்கும் ஒரு நகல் இந்த சர்வரிலும் வந்து உட்காரும். அவ்வப்போது துடைத்துக்கொண்டே இருந்தாலும் இடம் போதாமல் போகும். எழுதுகிறவர்கள் நூறே பேர் என்றாலும் சுமக்கிற பாரம் அதைவிடப் பல மடங்கு. அதோடு புகார்களைப் பார்ப்பது, மென்பொருளைப் புதுப்பிப்பது, நடுராத்திரியில் ஏதாவது நின்றுவிட்டால் எழுந்து பார்ப்பது. சம்பளமில்லாத வேலை.

மாறும் முறை இப்படி. புதிய சர்வரில் கணக்குத் திறந்து, அதன் அமைப்புகளில் "இது என் பழைய கணக்கு" என்று முகவரியைக் குறிக்க வேண்டும். பிறகு பழைய கணக்குக்குள் போய் "நான் அங்கே மாறுகிறேன்" என்று சொல்லி, கடவுச்சொல்லைப் போட்டு உறுதிசெய்ய வேண்டும். இரண்டு பக்கமும் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, இல்லையென்றால் யாரோ ஒருவர் உங்கள் பின்தொடர்பவர்களை எல்லாம் தன் கணக்குக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம். உறுதிசெய்ததும் உங்கள் பழைய சர்வர், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் சர்வர்களுக்கெல்லாம் தகவல் அனுப்புகிறது, அவை தாமாகவே பழைய கணக்கை விட்டுவிட்டு புதியதைப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணிக்கை பத்து, முப்பது, எழுபது என்று ஏறுவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வீடு மாறிய அன்று மாலையே அக்கம்பக்கத்தார் எல்லோரும் புதிய வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி.

எல்லோரும் வரவில்லை. சில மென்பொருள்கள் இந்த மாற்றத் தகவலைப் புரிந்துகொள்வதில்லை, சில சர்வர்கள் ஏற்கெனவே செத்துவிட்டிருந்தன. நான் பின்தொடர்கிறவர்களின் பட்டியல், தடுத்து வைத்தவர்கள், புத்தகக்குறிகள் இவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக இறக்கி புதிய இடத்தில் ஏற்ற வேண்டும், அது தானாக நடக்காது. ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாட்களுக்கு மறுபடி மாற முடியாது, ஆகவே அவசரப்படாமல் இடம் பாருங்கள்.

பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்தத் தளத்தைப் பரிந்துரைத்தால் அது நேர்மையாக இருக்காது: பதிவுகள் வராது. ஆட்கள் வருவார்கள், எழுதியது வராது. எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஏழு நாளைக்கு ஒருமுறை அந்தத் தொகுப்பைக் கேட்டு வாங்கலாம், ஆனால் அதைப் புதிய சர்வரில் ஏற்ற மாஸ்டடானில் வழியில்லை. ஒன்றரை ஆண்டில் நான் எழுதியது, அதற்கு வந்த நீண்ட பதில்கள், ஒரு எழுத்துருவின் வரலாறு பற்றி எட்டுப் பேர் சேர்ந்து பேசிய ஒரு அருமையான இழை, எல்லாம் இப்போது என் கணினியில் ஒரு கோப்பு. என் எழுத்து மட்டும் கோப்பில் இருக்கிறது, அந்த உரையாடல் போய்விட்டது. பழைய சுட்டிகளைச் சொடுக்கினால் ஒன்றும் திறக்காது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. மாஸ்டடானை உருவாக்குகிறவர்கள் அடுத்து ஒரே ஒரு வேலைதான் செய்யலாம் என்றால் இதைச் செய்யுங்கள் என்று கேட்பேன்.

எந்த சர்வரில் சேருவது என்று இப்போது என்னைக் கேட்டால், பெயரையும் அழகையும் பார்க்காதீர்கள், எத்தனை பேர் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று பாருங்கள் என்பேன். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் ஒரு சர்வர் சில வாக்குறுதிகளைத் தர வேண்டும்: இனவெறி, பாலினவெறி போன்றவற்றை முனைப்போடு கட்டுப்படுத்த வேண்டும், தினமும் காப்புநகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு உள்ளே போக இன்னொருவரிடமாவது திறவுகோல் இருக்க வேண்டும், மூடுவதென்றால் 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும். என் பழைய சர்வர்க்காரர் இந்த மூன்று மாதத்தைக் காப்பாற்றினார். சொல்லாமல் கொள்ளாமல் ஒரே இரவில் காணாமல் போன சர்வர்களும் உண்டு, அப்படி ஆனால் மேலே சொன்ன மாறும் முறை எதுவுமே வேலைசெய்யாது, ஏனென்றால் தகவல் அனுப்பப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும்.

கட்டுப்பாடு என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஊருக்கெல்லாம் ஒரே காவலர் கிடையாது. உங்கள் புகார் உங்கள் சர்வரை நடத்துகிறவரிடம் போகிறது, விரும்பினால் எதிராளியின் சர்வருக்கும் ஒரு நகல் அனுப்பலாம். நடத்துகிறவர் ஒரு கணக்கைத் தடுக்கலாம், ஒரு சர்வரையே முழுதாகத் துண்டிக்கலாம். 2019-இல் தீவிர வலதுசாரிகளின் புகலிடமாக அறியப்பட்ட காப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, அதை யாராலும் தடுக்க முடியவில்லை, திறமூலம் என்றால் எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் பெரும்பாலான சர்வர்கள் அதனோடு பேச மறுத்துவிட்டன. மென்பொருளை எடுத்துக்கொள், எங்களோடு சேராதே. இந்த முறை வேலைசெய்கிறது என்பதுதான் என் அனுபவம். மூன்று ஆண்டில் எனக்கு வந்த ஆபாசமான, மிரட்டலான பதில்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

ஓட்டை இல்லாமலும் இல்லை. 2024 பிப்ரவரியில், யாரும் கவனிக்காமல் திறந்துகிடந்த சிறு சர்வர்களில் தானியங்கிக் கணக்குகளை உருவாக்கி, எல்லோருக்கும் குப்பைப் பதிவுகளை வீசினார்கள். இரண்டு மூன்று நாள் அறிவிப்புப் பெட்டியைத் திறக்கவே சலிப்பாக இருந்தது. அதற்கப்புறம் வந்த புதுப்பிப்பில், நடத்துகிறவர்கள் ஒரு வாரமாக எட்டிப்பார்க்காத சர்வர் என்றால் புதிய கணக்குகள் தானாகவே அனுமதி கேட்கும் நிலைக்கு மாறும்படி செய்தார்கள். வந்த பிரச்சினையிலிருந்து கற்றுக்கொண்டு வேகமாகத் திருத்தினார்கள், பாராட்ட வேண்டும்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று. இங்கே தனிப்பட்ட செய்தி என்று எதையும் நம்பி எழுதாதீர்கள். "குறிப்பிட்டவர்களுக்கு மட்டும்" என்று ஒரு வகைப் பதிவு இருக்கிறது, அது பூட்டிய உறை அல்ல. இரு முனையும் மறையாக்கம் செய்யப்படாதது, சர்வரை நடத்துகிறவர் நினைத்தால் படிக்க முடியும். அதைவிடப் பெரிய பொறி, அந்தச் செய்திக்குள் மூன்றாவது ஆள் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் முகவரியை முழுதாக எழுதிவிட்டால் அவருக்கும் அந்தச் செய்தி போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நண்பரைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியது அந்த நண்பருக்கே போய்ச் சேர்ந்தது. ரகசியம் பேச சிக்னல் என்ற செய்திச் செயலி இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்.

தேடல் நீண்ட காலம் மோசமாக இருந்தது. ஹேஷ்டேக் போட்டிருந்தால்தான் அகப்படும். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து முழுப் பதிவிலும் தேடலாம், ஆனால் எழுதியவர் தன் அமைப்புகளில் அதற்குச் சம்மதித்திருந்தால் மட்டும். யாரோ பழைய பதிவுகளைக் கிளறி ஒருவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் போன வாரம் வாசித்த ஒரு நல்ல பதிவைத் தேடி அரைமணி நேரம் அலைந்தபோது அந்த நியாயம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்னொரு பழைய நோய், பதில்கள் பாதிதான் தெரிவது. வேறு சர்வரில் இருக்கும் ஒரு பதிவுக்கு அங்கே இருபது பதில் வந்திருக்கும், என் திரையில் நாலு தெரியும், ஏற்கெனவே பத்துப் பேர் சொன்ன விடையை நான் பதினோராவதாகப் போய்ச் சொல்லியிருப்பேன். புதிய பதிப்புகளில் விடுபட்ட பதில்களை சர்வரே போய் எடுத்து வருகிறது, நன்றாக முன்னேறியிருக்கிறது, ஆனாலும் உங்கள் சர்வர் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

செயலிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். 2023 ஜனவரியில் டுவிட்டர் வெளியாட்கள் உருவாக்கிய செயலிகளை முன்னறிவிப்பின்றி வெட்டிவிட்டது, பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போனது. அப்படி வெட்டுப்பட்ட டுவீட்பாட்டை உருவாக்கியவர்கள் அதே மாதம் மாஸ்டடானுக்காக ஐவரி என்ற செயலியை வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டில் டஸ்கி இருக்கிறது, எளிமையானது, பழைய போனிலும் ஓடும். உலாவியில் பார்க்க ஃபான்பி மிக அழகு. ஒரே கணக்கை இந்த எல்லாவற்றிலும் திறந்து எது கைக்குப் பழகுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

உறுதிப்படுத்திய கணக்கு என்று காட்டும் பச்சைக் குறிக்கு இங்கே யாருக்கும் பணம் கட்ட வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம். உங்கள் சொந்த இணையதளத்தில் உங்கள் மாஸ்டடான் பக்கத்துக்கு ஒரு சுட்டியை, அது நான்தான் என்று அடையாளமிட்டு வைத்தால், மாஸ்டடான் போய்ப் பார்த்து வந்து பச்சையாக்கிவிடும். அந்தத் தளத்தில் எழுதும் உரிமை எனக்கு இருக்கிறது என்பதுதான் சான்று. ஒரு செய்தியாளர் தன் நாளிதழின் தளத்தில் தன் பக்கத்திலிருந்து சுட்டி கொடுத்திருந்தால் அவர் அந்த நாளிதழில்தான் எழுதுகிறார் என்று யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பதிவுக்கு 500 எழுத்து. நம் மொழியில் எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று டுவிட்டரில் எழுதியவர்களுக்குத் தெரியும், அங்கே இலவசக் கணக்குக்கு 280 தான், அதிலும் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் "தமிழ்" என்ற மூன்றெழுத்து ஐந்தாகிவிடும். இங்கே ஒரு கருத்தை ஒரே பதிவில் மூச்சுவிட்டுச் சொல்ல முடிகிறது. படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று பார்வையற்றோருக்காக விவரிக்க 1500 எழுத்து வரை இடம் தருகிறார்கள், பெரும்பாலானோர் அதை எழுதவும் செய்கிறார்கள். விவரணை இல்லாத படத்தை நான் பார்த்த பலர் பூஸ்ட் செய்வதே இல்லை. நானும் இப்போது அப்படித்தான்.

இன்னும் ஒன்று, இதை அனுபவித்துப் பார்த்தால்தான் புரியும். மாஸ்டடான் கணக்கிலிருந்தே மாஸ்டடான் அல்லாதவற்றையும் பின்தொடரலாம். காணொளிக்கான பீர்டியூபில் ஒருவர் புதிதாக ஒன்றை ஏற்றினால் என் முகப்பில் வருகிறது, அங்கே போகாமலே நான் பதில் எழுத, அது அவருடைய காணொளிக்குக் கீழே கருத்தாகப் போய் விழுகிறது. படங்களுக்கான பிக்செல்ஃபெட்டும் அப்படியே. வேர்ட்பிரஸில் எழுதுகிறவர்கள் ஒரு கூடுதல் நிரலைச் சேர்த்தால் அவர்கள் வலைப்பூவே பின்தொடரக்கூடிய ஒரு கணக்காகிவிடுகிறது. யூடியூபுக்கு இன்ஸ்டாகிராமிலிருந்து கருத்துப் போட முடிகிற மாதிரி கற்பனை செய்து பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள். இங்கே கதவு திறந்திருக்கிறது.

2023 ஜூலையில் மெட்டா கொண்டுவந்த திரெட்ஸும் ஆக்டிவிட்டிபப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது. கணக்கு வைத்திருப்பவர் அனுமதித்திருந்தால் அவரை இங்கிருந்து பின்தொடரலாம். சில சர்வர்கள் அது வருவதற்கு முன்பே அதைத் தடுத்து வைத்துவிட்டன, பெரிய மீன் வந்தால் குளத்தை விழுங்கிவிடும் என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டு, ஆனால் அங்கே இருக்கும் என் உறவினர்களை இங்கிருந்தே வாசிக்க முடிவது வசதி.

டுவிட்டருக்கு மாற்றாக வந்த இன்னொரு தளமான புளூஸ்கையோடு ஒப்பிடாமல் விட முடியாது. டுவிட்டருக்குள்ளேயே 2019-இல் அதன் அன்றைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சி அறிவித்த ஒரு திட்டமாகத் தொடங்கி, பிறகு தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்தது. உள்ளே நுழைவது நூறு மடங்கு எளிது, எந்தச் சர்வர் என்ற கேள்வி வாசலில் நிற்பதில்லை. எனக்குப் பிடித்த வரிசையாக்க முறையை நானே தேர்ந்தெடுக்கலாம் என்பது அருமையான யோசனை, சொந்தத் தளத்தின் முகவரியையே பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். எழுதியவற்றோடு சேர்த்து மாறும்படி அதன் சர்வர்கள் பேசும் மொழியை வடிவமைத்திருக்கிறார்கள், மாஸ்டடானில் நான் இழந்தது அதுதான். ஆனால் இன்றைக்கு அங்கே மிகப் பெரும்பாலானோர் ஒரே நிறுவனத்தின் கருவிகளை நம்பித்தான் இருக்கிறார்கள், அந்த நிறுவனம் முதலீட்டாளர்களின் பணத்தில் நிற்கிறது. மாஸ்டடான் மென்பொருளை உருவாக்குவது லாப நோக்கமற்ற அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. 2025 நவம்பரில் ரோச்கோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகி, வணிகச் சின்னம் உட்பட எல்லாவற்றையும் அமைப்பிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். தன் கையால் உருவாக்கியதைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டுப் போவதை நான் இந்தத் துறையில் அதிகம் பார்த்ததில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பத்துக்கு எட்டு. பழைய பதிவுகளைக் கூட்டிச்செல்ல முடியாததற்கு ஒன்று, வாசலில் ஆளை நிறுத்திவைப்பதற்கு ஒன்று குறைத்திருக்கிறேன். செய்தி வெடித்த நிமிடத்தில் எல்லோரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், பிரபலங்களைப் பின்தொடர வேண்டும், தொழிலுக்கு விளம்பரம் தேட வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். ஐம்பது அறுபது பேரோடு நிதானமாகப் பேச வேண்டும், அவர்கள் நாளைக்கும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் வாருங்கள்.

வந்தவுடன் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அமைப்புகளில் ஏற்றுமதிப் பக்கத்துக்குப் போய் நீங்கள் பின்தொடர்கிறவர்களின் கோப்பையும் பதிவுத் தொகுப்பையும் இறக்கி வையுங்கள், ஐந்து நிமிட வேலை. அப்புறம், உங்கள் சர்வரின் அறிமுகப் பக்கத்தில் நன்கொடைக்கான இடம் இருந்தால் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். என் பழைய சர்வரில் ஒன்றரை ஆண்டு இருந்தும் அந்தப் பக்கத்தை நான் திறந்து பார்த்தது மூடும் அறிவிப்பு வந்த பிறகுதான்.